ஃபிரைனி ஃபிஷர்: நாவலா, தொடரா?
மட்டக்களப்பில் மார்கழி மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள்தான் இருப்பு, அதற்கு ஃபிரைனி ஃபிஷரை விட நல்ல துணை எனக்குத் தெரியாது. 1920களின் கடைசி, மெல்பேர்ன், பணக்கார வீட்டு விருந்துகள், நடுவில் ஒரு பிணம், துப்பறிவதோ பொலிஸ் இல்லை, ஃபிரைனி என்ற ஒரு சீமாட்டி.

உடுப்புக்கும் காருக்கும் 2012இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர்தான். ஃபிரைனியாக நடிக்கும் எசி டேவிஸ் கட்டைத் தலைமுடியோடு நடந்து வரும்போது கொலையே மறந்துபோகும்.

ஆனால் அவளுடைய மூளை வேலை செய்வதைப் பார்க்க கெரி கிரீன்வுட்டின் நாவல்கள் வேண்டும். 1989இல் வந்த முதல் நாவல் தொடங்குவதே லண்டன் விருந்தொன்றில்: விளக்கு அணைகிறது, ஜன்னல் கண்ணாடி உடைகிறது, ஒரு அம்மாவின் கழுத்து மாலையைக் காணவில்லை, எல்லாரும் கத்திக்கொண்டிருக்க இவள் அங்கேயே நின்று விஷயத்தைப் பிடித்துவிடுகிறாள். தொடரில் இந்தக் காட்சி இல்லை, அங்கே நேரே மெல்பேர்ன்தான்.

அப்புறம் பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஜாக் ரொபின்சன். நாவலில் அவர் குடும்பஸ்தர், அவளுடைய காதலன் லின் சுங். தொடரில் ஜாக்குக்கும் அவளுக்கும் இடையில் சொல்லியும் சொல்லாத ஒரு காதல், அழகுதான், ஆனால் சில நேரம் துப்பையே பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

கரண்ட் இருந்தாலும் சரி, நீங்க நாவலில் இருந்தே தொடங்குங்க.