ஒல்டனேட்டர் போனால்: பழசைச் செய்விப்பதா, ரீகண்டிஷனா, புதுசா?

பொழுது சாய்ந்தபின் ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு மழையிலும் மூட்டத்திலும் ஏறும் காரில் ஹெட்லைட், வைப்பர், புளோவர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் சேர்ந்தே ஓடும். இரண்டு 55 வாட் பல்புக்கே 9 அம்பியர் வேண்டும். அதனால் விலையை மட்டும் பார்த்து, இந்தக் கரண்டைத் தந்து பெட்டரியையும் சார்ஜ் செய்யும் ஒல்டனேட்டரை வாங்குவது நம் பாதைகளுக்குச் சரிவராது.

கழற்றுமுன் மீட்டரைப் பிடியுங்கள். என்ஜின் ஓடும்போது பெட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் இருந்தால் பெரும்பாலும் சார்ஜ் சரி. லைட், புளோவர் போட்டதும் 13க்குக் கீழே விழுந்தால் முதலில் பெல்ட், வயர் முனைகள், பிறகுதான் ஒல்டனேட்டர். என்ஜினை ஓடவிட்டு பெட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் மெக்கானிக் பாஸ்மாரும் இருக்கிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள், வோல்டேஜ் எகிறி என்ஜின் கம்பியூட்டரே எரியலாம்.

என் முதல் தெரிவு, காரோடு வந்த பழசையே செய்விப்பது. அதிகம் தேய்வது கார்பன் பிரஷ். இரைச்சல் வந்தால் பெயரிங். வோல்டேஜ் கூடிக் குறைந்தால் ரெகுலேட்டர். மூன்றும் தனித்தனியாக மாற்றக்கூடியவை. போல்ட் ஓட்டை, புலி (பெல்ட் ஓடும் சக்கரம்), பிளக் எதுவும் மாறாது. கொயில் கருகியிருந்தால் மட்டும் அதில் காசு போடாதீர்கள்.

அப்போது ரீகண்டிஷன், அதாவது வேறு வண்டியில் ஓடியதைச் சீர்செய்து விற்பது. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகிறவரிடம் பழசையே கொடுத்தனுப்புங்கள். அம்பியர், புலியின் பள்ளங்கள், பிளக்கின் பின் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லவும் வேண்டும். புதுப் பெயின்டைப் பார்த்து மயங்கக் கூடாது.

பெயர் தெரியாத மலிவுப் புதுசை நான் கடைசியில்தான் வைப்பேன். லேபிளில் உள்ள அம்பியர் வேகமாகச் சுற்றும்போது வருவது. வாகன நெரிசலில் ஐட்லிங்கில் நிற்கும்போது எவ்வளவு தருகிறது என்பதே கேள்வி. வாரன்டி எழுத்தில் கிடைத்தால் யோசிக்கலாம்.

பெற்றோல் காரில் இதை வீட்டு வாசலிலேயே மாற்றலாம். சமதரை கிடைக்காவிட்டால் சில்லுக்குக் கல் முட்டுக் கொடுத்து, பெட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். ஒல்டனேட்டரின் தடித்த வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும்.

பழைய டீசல் டொல்பின் வேன் (டொயோட்டா ஹைஏஸ்) என்றால் வீட்டில் கை வைக்காதீர்கள். அதன் ஒல்டனேட்டருக்குப் பின்னால் வெக்குவம் பம்ப் இருக்கிறது. பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டரிலிருந்து காற்றை உறிஞ்சுவது அதுதான். ஹோஸ் ஒன்று சரியாக இறுகாவிட்டால் பெடல் கல்லாகிவிடும். றம்பொடை இறக்கத்தில் அந்த வேனை நிறுத்த முழுப்பலம் வேண்டும். கராஜில் செய்வித்தாலும் எண்ணெய்க் கசிவையும் பெடலையும் பார்த்த பிறகே இறக்கத்துக்கு எடுங்கள்.