தீவுக்கு மூட்டையா, காசா, வேலையா? மூணையும் செஞ்சு பாத்த கதை

எழும்பூர்ல ஒரு மாடிப்படிக்குக் கீழ எங்க டூர் ஆபீஸ், நானும் ரெண்டு பசங்களும், அந்தமானும் லட்சத்தீவும் தான் எங்களுக்கு சோறு போடுது. வருஷத்துக்கு நாலு பேராவது கேட்டுடுவாங்க, "ஏன் சார், அந்தத் தீவு ஜனங்கள வச்சு தானே சம்பாதிக்கறீங்க, அவங்களுக்கு என்ன செய்றீங்க?"ன்னு. நியாயமான கேள்வி தான். மூணு விதமா செஞ்சு பாத்துட்டோம், எது தேறுச்சு எது தேறலன்னு சொல்றேன்.

முதல்ல மூட்டை. இது தான் எல்லாருக்கும் புடிக்கும், ஏன்னா வீட்ல கெடக்கற பழசு காலியாகும், போட்டோவும் நல்லா வரும். ஒரு தடவ லட்சத்தீவு டிரிப்புக்கு கஸ்டமர்ங்க கிட்ட துணி, நோட்டு, பொம்மை எல்லாம் வாங்கி ஆறு மூட்டை கட்டி, சென்ட்ரல்ல ரயில் ஏத்தி, கொச்சி வில்லிங்டன் ஐலண்டுல கப்பலுக்கு மாத்தி, கூலியே நோட்டு வெலைக்கு மேல போயிடுச்சு. அங்க போய் பிரிச்சா ஒரு மூட்டையில ஹை ஹீல்ஸ் செருப்பு. மணல் தீவுல! இன்னொண்ணுல ஸ்வெட்டர், அது யாரு குடுத்தான்னு இன்னும் தேடிட்டு இருக்கேன். அங்க உள்ள புள்ளைங்க நம்ம புள்ளைங்க மாதிரியே பள்ளிக்கூடம் போகுதுங்க, போன் பாக்குதுங்க. வாங்கிக்கிட்ட டீச்சர் முகத்துல மரியாதை இருந்துச்சு, சந்தோஷம் இல்ல.

குடுக்கறதே கெடுதலா போற எடமும் இருக்கு. அந்தமான்ல ஜாரவா பழங்குடிங்க இருக்கற காட்டு வழியா போற டிரங்க் ரோடு, 2002லயே சுப்ரீம் கோர்ட் மூடச் சொல்லுச்சு, இன்னும் போலீஸ் காவலோட வண்டிங்க கான்வாயா வரிசையா ஓடிட்டு தான் இருக்கு. டூரிஸ்டுங்க பிஸ்கட் வாழைப்பழம் குடுக்கறதும், சாப்பாட்டக் காட்டி அவங்கள ஆடச் சொன்ன வீடியோ 2012ல வெளிவந்து நாடே தலை குனிஞ்சதும் நடந்த கத. 1999ல அவங்களுக்குள்ள தட்டம்மை வேற பரவுச்சு, நம்ம சளி காய்ச்சலுக்கே அவங்க ஒடம்பு பழகல. அதனால அந்த ரோட்டு வழியா போற பாராடங் தீவ லிஸ்ட்லருந்தே எடுத்துட்டோம், சுண்ணாம்புக் குகைய பாக்கலன்னா ஒண்ணும் கொறைஞ்சிடாது. "பக்கத்து டிராவல்ஸ்காரன் காட்டறானே சார்"ன்னு வேற ஆபீஸ் போனவங்க உண்டு, போகட்டும். அந்த ஜனங்களுக்கு உதவின்னா கிட்ட போகாம இருக்கறது மட்டும் தான்.

ரெண்டாவது காசு. பேக்கேஜ்ல தலைக்கு 300 ரூபா தனியா வச்சு ஒரு அமைப்புக்கு அனுப்பினோம். சுலபம், கூலி இல்ல, கணக்கு சுத்தம். ஆனா ஒரு வருஷம் கழிச்சு அந்த காசு எந்த தீவுக்குப் போச்சுன்னு கேட்டா ரசீது மட்டும் தான் வந்துச்சு. மருத்துவ அவசரத்துக்கு, புயலுக்கு இந்த வழி சரி. மாசா மாசம் அனுப்பினா நம்ம மனசு தான் லேசாகுது.

மூணாவது வேலை, அதாவது அவங்க செய்றதுக்கு ஒழுங்கா காசு குடுக்கறது. என் ஓட்டு இதுக்குத் தான், ஆனா இதுல தான் தலைவலியும் ஜாஸ்தி. லட்சத்தீவுல மனுஷங்க இருக்கற தீவு 10 தான், எல்லாத் தீவும் சேத்து 32 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியில பதிமூணுல ஒரு பங்கு கூட வராது, 2011 கணக்குலயே அதுல 64 ஆயிரம் பேர். ரிசார்ட்டுக்கு அரிசி, காய், தண்ணி பாட்டில்னு எல்லாம் வெளியிலருந்து எறக்கினா டூரிஸ்ட் குடுத்த காசும் அதே கப்பல்ல திரும்பிப் போயிடும். அதனால வீட்ல தங்க வைக்கறோம், படகு அந்த ஊர் இக்கா (அண்ணன்) ஓட்டறாரு, சாப்பாடு அந்த வீட்டு இத்தா (அக்கா) செய்றாங்க. அவங்க ஒரு துண்டு மாசிக் கருவாட எடுத்து மேசையில தட்டிக் காட்டினாங்க, டொக்குன்னு கட்டை மாதிரி சத்தம், சூரை மீன வேக வச்சு புகை போட்டு காய வச்சது, அத இடிச்சு தேங்காயோட பெரட்டி சோத்துக்குக் குடுத்தாங்க பாருங்க, மைலாப்பூர்லருந்து வந்த ஒரு மாமாவே கூட ஒரு கரண்டி கேட்டாரு (வீட்ல சொல்லிடாதீங்கன்னு வேற). வந்தவங்க கிலோ கணக்குல வாங்கினாங்க. ஆறு மூட்டை துணி செய்யாதத அந்த ஒரு சாப்பாடு செஞ்சுது.

தலைவலி எதுன்னா, படகுத்துறைக்குப் பக்கத்து வீட்டுக்கே எல்லா கஸ்டமரும் போயிடறாங்க, அப்புறம் சொந்தக்காரங்களுக்குள்ளயே முணுமுணுப்பு. இப்ப வீட்ட மாத்தி மாத்தி குடுக்கறோம், ஒரு நாள் தூரமா நடக்கணும்னு கஸ்டமர் கிட்ட முன்னாடியே சொல்லிடறோம். அடுத்து தண்ணி. பவளத்தீவுல ஆறு கெடையாது, மழைத்தண்ணி மண்ணுக்கு அடியில உப்புத்தண்ணி மேல மெல்லிசா மிதக்குது, ஜாஸ்தி எறைச்சா கிணறே கரிக்கும். நம்ம பள்ளிக்கரணை கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005ல லட்சத்தீவு தலைநகர் கவரத்தியில, கடல் ஆழத்து குளிர் தண்ணிய வச்சு நாளைக்கு 1 லட்சம் லிட்டர் நல்ல தண்ணி எடுக்கற பிளான்ட் போட்டாங்க, பெருமையான விஷயம். ஆனா நாம போய் மூணு வேள ஷவர்ல நின்னா அந்தப் பெருமை எங்க போகும்? எங்க ஆளுங்களுக்கு பக்கெட் குளியல் தான், மொகத்த சுளிச்சாலும் சரி.

காசு எப்ப குடுக்கறோம்ங்கறது தான் பெரிய வித்தியாசம். மழைக்காலத்துல கடல் சரியில்லாம டூரிஸ்ட் வரமாட்டாங்க, அப்ப தான் அவங்க கை காயும். டிசம்பர் புக்கிங்குக்கு ஜூலையிலயே பாதி அட்வான்ஸ் அனுப்பறோம். எங்களுக்கு அந்த மாசம் வாடகைக்கே இழுத்துப் புடிக்கணும், ஆனா சீசன்ல படகு இல்ல ரூம் இல்லன்னு அங்கருந்து போன் வர்றது நின்னு போச்சு.

இன்னொண்ணு குப்பை. கொண்டு போன பிளாஸ்டிக் எல்லாம் திரும்ப எடுத்துட்டு வரணும்னு ரூல் போட்டோம். போன தடவ கொச்சியில எறங்கறப்ப ரெண்டு சாக்கு இருந்துச்சு, சுமை தூக்கற சேட்டன் தூக்கிப் பாத்துட்டு "மீனாணோ?"ன்னாரு. இல்ல சேட்டா, சிப்ஸ் கவருன்னேன். மீனுக்கு உள்ள கூலியே வாங்கிக்கிட்டாரு.