கார்ட் பக்க அறிவிப்பு வேலை: வேலூர், இராணிப்பேட்டை வட்டார இணையக்கடைக்காரர்கள் கவனத்திற்கு

ஆற்காட்டில் எங்கள் குடும்பம் நடத்திவரும் இனிப்புக் கடைக்கு வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸ் தளத்தில் கடை அமைக்க உதவும் மென்பொருள்) ஓர் இணையக்கடை உண்டு. அதன் கார்ட் பக்கத்தில் (வாங்கத் தேர்ந்தெடுத்த பொருட்களைக் காட்டும் பக்கம்), வாங்குபவர் தேர்ந்தெடுத்த பொருளுக்கேற்ப அறிவிப்புகள் தோன்றச் செய்யும் வேலையை வேலூரில் உள்ள ஒரு வெப்சைட் நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். முழுத் தொகையும் பெற்றுக்கொண்டு அவர்கள் செய்து கொடுத்தது வேலையின் தோற்றம் மட்டுமே என்பது, தீபாவளி நேரத்தில் வந்த புகார்களால்தான் தெரிந்தது. இதே வேலையைக் கொடுக்க எண்ணியிருப்பவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் விற்கும் மக்கன் பேடா உலர்ந்த இனிப்பு அன்று. கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே பருப்பு வகைகளை வைத்துப் பொரித்து, சர்க்கரைப் பாகில் ஊறவைப்பது. தொலைவூருக்கு அனுப்பினால் கெட்டுவிடும். ஆகவே கார்ட்டில் பேடா இருந்தால், எத்தனை நாட்களுக்குள் உண்ண வேண்டும் என்பதும், 60 முதல் 64 வரையிலான எண்களில் தொடங்கும் பின்கோடுகளுக்கு மட்டுமே அனுப்பப்படும் என்பதும் தெரிய வேண்டும். முறுக்கும் மிக்சரும் மட்டும் இருந்தால் அந்த அறிவிப்பு தோன்றக் கூடாது. இலவச டெலிவரிக்கு எவ்வளவு குறைகிறது என்பதையும் காட்ட வேண்டும். இவை அனைத்தும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தன.

ஒப்படைத்த அன்று, ஒரு கிலோ பேடாவைக் கார்ட்டில் சேர்த்து அறிவிப்பைக் காட்டினார்கள். அது சரியாகவே தோன்றியது. ஆனால் உள்ளே இருந்தது, பக்கத்தில் பொருளின் பெயரைத் தேடி, கண்டால் அறிவிப்பை ஒட்டும் ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மட்டுமே. பண்டிகைக்காக நாங்கள் சேர்த்த பரிசுப் பெட்டியின் பெயரில் பேடா என்ற சொல் இல்லாததால், பெட்டி நிறையப் பேடா இருந்தும் அறிவிப்பு வரவில்லை. வாங்குபவர் எண்ணிக்கையை மாற்றி 'அப்டேட் கார்ட்' பொத்தானை அழுத்தினால், வூகாமர்ஸ் அந்தப் படிவம் முழுவதையும் சர்வரிலிருந்து புதிதாகக் கொண்டுவந்து வைக்கிறது. ஒட்டப்பட்டிருந்த அறிவிப்பு அதோடு மறைந்துபோனது. இதைவிடக் கொடுமை, கேஷ் பிளகினில் (பக்கத்தின் நகலைச் சேமித்து வைத்து விரைவாகக் காட்டும் துணை மென்பொருள்) கார்ட் பக்கத்தை விலக்கி வைக்காமல் விட்டது. ஒருவருக்காகக் கணக்கிட்ட 'இன்னும் இவ்வளவு ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்' என்ற வரி வேறொருவருக்குத் தெரிந்து, அதை நம்பிக் கூடுதலாக வாங்கியவர் டெலிவரிக் கட்டணத்தையும் செலுத்த வேண்டியதாயிற்று. அந்தத் தொகையை நாங்கள் திருப்பிக் கொடுத்தோம். அறிவிப்பு வராததால் டெல்லிக்குச் சென்று கெட்டுப்போன பரிசுப் பெட்டிக்கும் பணத்தைத் திருப்பினோம். ஆனால் பிள்ளைகளுக்கு ஊர்ப் பலகாரம் என்று அந்தப் பெட்டியை ஆசையாக வாங்கிய அம்மா தொலைபேசியில் வருந்தியதற்கு எங்களால் ஈடு செய்ய இயலவில்லை.

பின்னர் தீம் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்புகள்) அப்டேட் ஆனதும் எஞ்சியிருந்த அறிவிப்பும் அடியோடு போயிற்று. சைல்டு தீமிலோ (மூல தீமைத் தொடாமல் மாற்றங்களை வைக்கும் துணைத் தீம்) தனிப் பிளகினிலோ எழுத வேண்டியதை மூல தீமின் கோப்பிலேயே எழுதியிருந்தார்கள்; அப்டேட் வந்தால் அது அழிந்துவிடும் என்பது இத்தொழிலில் புதிதாகச் சேர்பவருக்கும் தெரிந்த செய்தி. கேட்டபோது, "அது புது வேலைங்க, தனியா பில் போடணும்" என்றார்கள்.

நாங்கள் கேட்காமலே ஒரு வரியையும் சேர்த்திருந்தார்கள்: எல்லாப் பொருளுக்கும் 'இன்னும் 2 மட்டுமே உள்ளன'. இருப்புக் கணக்கோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடைசெய்யும் 13 ஏமாற்று உத்திகளில், இல்லாத தட்டுப்பாட்டைக் காட்டி அவசரப்படுத்துவதும் ஒன்று. வாங்குபவரைக் கேட்காமல் அவர் கார்ட்டில் பொருளைச் சேர்ப்பதும் அப்பட்டியலில் உள்ளது. அந்த வழிகாட்டுதல்கள் விற்பவரையும் கட்டுப்படுத்துபவை என்பதால், வடிவமைத்தவர் எழுதிய பொய்க்குக் கடைக்காரரே பதில் சொல்ல வேண்டிவரும்.

வேலையை வாங்கும்போது, நிபந்தனை பொருளின் பெயரைப் பார்க்கிறதா, அல்லது அதன் அடையாள எண்ணையோ (ID) வகையையோ பார்க்கிறதா என்று கேளுங்கள். பொருளைச் சேர்த்தும் நீக்கியும், எண்ணிக்கையை மாற்றியும், இரண்டு கைபேசிகளில் வெவ்வேறு பொருட்களை வைத்தும் உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கார்ட் பக்கம் பழைய வகையா, பிளாக் வகையா (தனித்தனிப் பகுதிகளை அடுக்கி அமைக்கும் புதிய முறை) என்பதையும் கேளுங்கள். 2023 நவம்பரில் வந்த வூகாமர்ஸ் 8.3 முதல் புதிய கடைகளுக்குப் பிளாக் வகையே இயல்பாக அமைகிறது. பழைய வகைக்கான ஹூக்குகளில் (கூடுதல் நிரலை இணைக்கும் இடங்கள்) எழுதிய அறிவிப்பு அதில் தோன்றாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: அறிவிப்பு ஆர்டரைத் தடுப்பதில்லை. கார்ட்டைப் பார்க்காமல் நேராகச் செக்கவுட்டுக்கு (பணம் செலுத்தும் பக்கம்) போகிறவர்களும் உண்டு. எனவே பேடாவுக்குத் தனி ஷிப்பிங் வகுப்பு (அனுப்பும் முறைக்காகப் பொருட்களைப் பிரிக்கும் அமைப்பு) அமைத்து, ஷிப்பிங் மண்டலங்களில் அனுப்பக்கூடாத பின்கோடுகளை விலக்கிவைப்பதே உண்மையான காவல். இப்போது வேறொருவர் அப்படித்தான் அமைத்துத் தந்திருக்கிறார்.

வணிக நோக்கத்திற்காகச் சேவை பெறுபவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார் என்று அந்த நிறுவனத்தினர் எங்களிடம் வாதிட்டார்கள். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே பொருளை வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அதே சட்டம் விலக்கு அளிக்கிறது; ஆனால் அந்த விலக்கின் வாசகம் சேவையைக் குறிப்பிடவில்லை. இருந்தாலும் அந்த விலக்கைக் குறிப்பிட்டு, ஒப்பந்த நகலையும் புகார்களின் பதிவுகளையும் இணைத்து, பணத்தைத் திருப்பக் கோரிப் தபாலில் நோட்டீஸ் அனுப்பியுள்ளோம்.