60 டாலர் போச்சு: புது பிரௌசருக்கு கார்டு நம்பர் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

இன்று காலைதான் அந்த பிரௌசர் நிறுவனத்தின் கடைசிப் பதில் வந்தது. விதிமுறைப்படி பணத்தைத் திருப்பித் தர முடியாதாம். 60 டாலர். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. விளம்பரம் கிடையாது, வேவு பார்க்க மாட்டோம், அதற்குப் பதிலாக வருடச் சந்தா கொடுங்கள் என்று வருகிற புது ரக பிரௌசர்களில் ஒன்று. 7 நாள் இலவசம், ஆனால் கார்டு நம்பரை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும்.

முதல் நாள் எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. டேப்கள் எல்லாம் இடது பக்கம் வரிசையாக, படிக்கும் பக்கத்துக்கு நிறைய இடம், திறந்த வேகமும் நன்றாக இருந்தது. புக்மார்க்குகளைப் பழைய பிரௌசரிலிருந்து அதே ஃபோல்டர்களோடு ஒரு நிமிடத்தில் கொண்டுவந்துவிட்டது. பாஸ்வேர்டுகளை மட்டும் சிஎஸ்வி ஃபைலாக இறக்கித் தாருங்கள் என்று கேட்டது. அந்த ஃபைலில் பூட்டு எதுவும் இருக்காது, எல்லா பாஸ்வேர்டும் பச்சையாகவே எழுதியிருக்கும், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்தேன். 212 பாஸ்வேர்டுகள்.

ஏன் கொடுத்தேன் என்றால், அதற்கு முந்தைய திரையில் ஒரு கடிதம் இருந்தது. "உங்கள் தகவலை விற்று நாங்கள் பிழைப்பதில்லை, அதனால்தான் உங்களிடம் காசு கேட்கிறோம்" என்று. எனக்கு அது நியாயமாகப் பட்டது. இலவச பிரௌசர்கள் பலவற்றுக்கும் தேடுபொறி நிறுவனங்கள் தரும் பணம்தானே முக்கிய வருமானம்? ஃபயர்பாக்ஸை நடத்தும் மொசில்லாவுக்கே பெரும்பங்கு கூகுளிடமிருந்துதான் வருகிறது. ஓபரா பிரௌசர் கூட 2005 வரை விளம்பரம் வேண்டாம் என்றால் காசு கொடு என்றுதான் இருந்தது. ஆக, காசு கேட்பதே நாணயத்துக்கு அடையாளம் என்று நினைத்துவிட்டேன். அந்த ஒரு கடிதத்தை நம்பியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

நான்காவது நாள் இணையம் மெதுவாக இருந்தது. முகவரிப் பட்டையில் எதையோ தேடினேன், முடிவுகள் வருவதற்கு முன் முன்பின் தெரியாத ஒரு முகவரி கண நேரம் வந்து மறைந்தது. பிரௌசர் எங்கெங்கே தொடர்பு கொள்கிறது என்று காட்டும் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து பார்த்தால், நான் தேடுகிற ஒவ்வொரு சொல்லும் முதலில் அந்த முகவரிக்குப் போய், அப்புறம்தான் தேடுபொறிக்குப் போகிறது! கூடவே ஒரு நீளமான எண், ஒவ்வொரு முறையும் அதே எண், இன்னார்தான் தேடுகிறார் என்று அடையாளம் வைக்கிற மாதிரி. வேவு பார்க்க மாட்டோம் என்றவர்கள் செய்கிற வேலையா இது?

பிறகு "அறிமுகம்" பக்கத்தைப் பார்த்தேன். இதுவும் குரோமியம் (கூகுள் குரோமுக்கே அடித்தளமான, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள்) மேல் கட்டியதுதான், அது தப்பில்லை, எட்ஜ், பிரேவ், விவால்டி பிரௌசர்கள் எல்லாமே அப்படித்தான். ஆனால் இதில் இருந்த குரோமியம் ஐந்து பதிப்பு பின்தங்கியிருந்தது. குரோம் 2021-லேயே புதுப் பதிப்புக்கான இடைவெளியை ஆறு வாரத்திலிருந்து நான்கு வாரமாகக் குறைத்துவிட்டது. அப்படியென்றால் பல மாதங்களாக அடைக்காத பாதுகாப்பு ஓட்டைகள். அந்தத் திருத்தங்கள் எல்லாம் பொதுவில் கிடப்பவை, எங்கே ஓட்டை என்று திருடனும் படித்துக்கொள்ளலாம். அதற்குள்தான் என் 212 பாஸ்வேர்டும் இருந்தன.

ஆறாவது நாள், சனிக்கிழமை, சந்தாவை ரத்து செய்யப் போனேன். பட்டனை அழுத்தினால் லாகின் கேட்கிறது, லாகின் செய்தால் "உங்கள் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்" பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது, மறுபடி அழுத்தினால் மறுபடி அதே பக்கம். உடனே மெயில் அனுப்பினேன். வார இறுதியில் சப்போர்ட் கிடையாது என்று தானியங்கிப் பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு கார்டிலிருந்து 60 டாலர் எடுத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை சாட்பாட், பிரௌசர் தற்காலிகமாகச் சேமித்து வைத்திருக்கும் ஃபைல்களை (cache) அழிக்கச் சொன்னது. அழித்தேன். அப்புறம் ஒரு ஆள் வந்தார், அந்த நடு முகவரி "தேடலை வேகமாக்க" என்றார். தேவையில்லாமல் இன்னொரு இடத்துக்குப் போய்விட்டு வந்தால் எப்படி ஐயா வேகமாகும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பழைய குரோமியத்துக்கு "அடுத்த அப்டேட்டில் வரும்". பணம் என்று கேட்டதும் என் புகார் டிக்கெட்டையே மூடிவிட்டார்கள். சனிக்கிழமை அனுப்பிய மெயிலின் ஸ்கிரீன்ஷாட்டோடு புது டிக்கெட் போட்டேன். அதற்குத்தான் இன்றைய பதில்: ரத்து என்பது கணக்குப் பக்கம் வழியாகச் செய்தால்தான் செல்லுமாம். வேலை செய்யாத அதே பக்கம்! வங்கியில் கேட்டால், நீங்களே சம்மதித்துக் கொடுத்த கார்டுதானே என்கிறார்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. புது பிரௌசருக்கு முதல் வாரம் ஒரு பாஸ்வேர்டு கூடக் கொடுக்காதீர்கள். குரோமியம் பதிப்பு எண்ணை முதல் நாளே பாருங்கள். கார்டு நம்பர் கொடுக்கும் முன் ரத்து செய்யும் பட்டன் எங்கே போகிறது என்று தேடிப் பாருங்கள். சிஎஸ்வி ஃபைலை இறக்கியிருந்தால் உடனே அழியுங்கள், குப்பைத்தொட்டியிலிருந்தும்.

60 டாலர் வராது என்று தெரிந்துவிட்டது. 212-ல் இதுவரை 38 பாஸ்வேர்டுதான் மாற்றியிருக்கிறேன், மீதியைப் போய்ப் பார்க்கிறேன்.