ஒரே ஜோடி ஸ்பீக்கர், பாட்டுக்கு ஒரு ஆம்ப், படத்துக்கு ஒரு ரிசீவர்: பைபாஸா, ஸ்விட்ச் பாக்ஸா, இல்ல ரிசீவரே போதுமா?

ஹால்ல ரெண்டு ஜோடி டவர் ஸ்பீக்கர் நிறுத்த இடம் இருக்கற வீடு கம்மிதான், இடம் இருந்தாலும் நல்ல ஸ்பீக்கரை ரெண்டு தடவை காசு குடுத்து வாங்க யாருக்கும் மனசு வராது. அதனால பாட்டுக்கு ஒரு ஸ்டீரியோ ஆம்ப் (ரெண்டு ஸ்பீக்கரை மட்டும் ஓட்டற ஆம்ப்ளிஃபயர்), படத்துக்கு ஒரு ஏவி ரிசீவர் (சுத்தி நிக்கற எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டற பெட்டி)னு வச்சிக்கிட்டு டிவி ரெண்டு பக்கமும் நிக்கற அந்த ஜோடிய மட்டும் ரெண்டுக்கும் பொதுவா ஓட்டலாமான்னு கேக்கறவங்க நெறைய பேர். ஓட்டலாம், தாராளமா ஓட்டலாம், ஆனா எந்த வழில போறீங்கங்கறதுதான் விஷயம்.

ஒரு வழி மட்டும் வேணவே வேணாம். ரெண்டு ஆம்ப்போட வயரையும் ஒண்ணா முறுக்கி ஸ்பீக்கரோட ஒரே டெர்மினல்ல சொருகறது. "ஒண்ணு ஆஃப்லதான இருக்கும்"னு தோணும், ஆனா ஆஃப்ல இருக்கற ஆம்ப்புக்குள்ளயும் அவுட்புட் வழியா வோல்டேஜ் ஏறும், சில மாடல்ல ரிலேங்கற உள் ஸ்விட்ச் அதை வெட்டி விட்டுடும், எல்லாத்துலயும் அப்படி இல்ல. என்னைக்காவது வீட்ல யாராவது ரெண்டையும் ஆன் பண்ணிட்டா ஒரு ஆம்ப்புக்கு இன்னொரு ஆம்ப் கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட் மாதிரி, ஸ்பீக்கர் 6 ஓம் 8 ஓம்னு இருக்கும்போது ஆம்ப்போட அவுட்புட் 0.1 ஓம் அளவுல இருக்கும், கரண்ட் எந்தப் பக்கம் பாயும்னு பாத்துக்கோங்க, அவுட்புட் ட்ரான்சிஸ்டர் காலி. பின்னாடி நாலு டெர்மினல் இருக்கற ஸ்பீக்கர் வச்சிருக்கறவங்க மேல ஒண்ணு கீழ ஒண்ணு போட்டுக்கலாம்னு நெனைப்பாங்க, நடுவுல இருக்கற உலோகப் பட்டை ரெண்டு ஜோடியையும் சேத்துதான் வச்சிருக்கு, அதனால அதுவும் அதே ஷார்ட்தான், பட்டைய கழட்டினா ஒரு ஆம்ப்புக்கு கீச்சு சத்தம் போடற ட்வீட்டர் மட்டும் இன்னொண்ணுக்கு பாஸ் போடற வூஃபர் மட்டும்தான் மிஞ்சும்.

சரி, நல்ல வழிக்கு வரேன். என் ஓட்டு ஹோம் தியேட்டர் பைபாஸுக்குதான், அதாவது ரிசீவர் சிக்னல் ஸ்டீரியோ ஆம்ப்போட வால்யூம் நாப்பைத் தொடாம நேரா உள்ள போற வழி. ஸ்பீக்கர் எப்பவும் ஸ்டீரியோ ஆம்ப்லயே இருக்கும், அதைத் தொடவே வேணாம். ரிசீவரோட ஃப்ரன்ட் ப்ரீ அவுட்ல (பவர் ஏத்தறதுக்கு முன்னாடி சிக்னல் வெளிய வர்ற சாக்கெட்) இருந்து ஒரு ஜோடி ஆர்சிஏ கேபிள் எடுத்து ஸ்டீரியோ ஆம்ப்போட பைபாஸ் இன்புட்ல சொருகறோம், அவ்ளோதான். பாட்டு கேக்கும்போது ரிசீவர் ஆஃப், சிக்னல் அது பக்கமே போகாது. படம் பாக்கும்போது ஸ்டீரியோ ஆம்ப் வெறும் பவர் ஆம்ப்பா மாறிடும், வால்யூம் முழுக்க ரிசீவர் கைல. இதுல இன்னொரு லாபம், ஃப்ரன்ட் ரெண்டு சேனலோட பாரம் ரிசீவர் தலைல இருந்து எறங்கிடும், அது நடு ஸ்பீக்கரான சென்டரையும் பக்கத்துலயும் பின்னாடியும் இருக்கற சரவுண்டையும் மட்டும் பாத்துக்கிட்டா போதும், சண்டைக் காட்சில இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். கஷ்டம்னு சொன்னா படத்துக்கு ரெண்டு பெட்டியும் ஆன்ல இருக்கணும், ரெண்டுலயும் 12 வோல்ட் ட்ரிகர் (ஒண்ணு ஆன் ஆனா இன்னொண்ணையும் ஆன் பண்ற வயர்) இருந்தா அந்த வேலையும் தானா நடக்கும்.

ஆனா இதுக்கு ரெண்டு பக்கமும் வசதி இருக்கணும், வாங்கறதுக்கு முன்னாடி பின்பக்க ஃபோட்டோவ பெருசு பண்ணி பாருங்க. டெனான் ரிசீவர்ல எக்ஸ்3800எச்ல எல்லா சேனலுக்கும் ப்ரீ அவுட் உண்டு, அதை விட கீழ் மாடலான எக்ஸ்1800எச்ல சப்வூஃபருக்கு மட்டும்தான் உண்டு. ஸ்டீரியோ பக்கம் யமஹா ஏ-எஸ்1200ல மெயின் இன்னு ஒரு பைபாஸ் இன்புட் இருக்கு, செலக்டரை அங்க திருப்பினா போதும், வால்யூம் நாப் வேலை செய்யாது. ஹெகல் எச்190ல மெனுவுக்குள்ள போய் ஒரு இன்புட்டை பைபாஸா மாத்திக்கலாம். ஆடியோலேப் 6000ஏல பவர் ஆம்ப் இன் இருக்கு, ஆனா ஒவ்வொரு தடவையும் மோட் மாத்தணும். மராண்ட்ஸ் பிஎம்6007 நல்ல ஆம்ப், ஆனா இந்த வசதி அதுல இல்ல.

பைபாஸ் இல்லாத ஆம்ப்தான் இருக்குன்னா சாதாரண ஆக்ஸ் இன்புட்லயே போட்டு, வால்யூமை ஒரு இடத்துல நிறுத்தி அங்க ஒரு அடையாளம் வச்சி, அந்த இடத்துலயே ரிசீவரோட மைக் கேலிப்ரேஷனை (மைக் வச்சி ஒவ்வொரு ஸ்பீக்கர் லெவலையும் அளந்து சரி பண்றது) ஓட்டிடலாம். சத்தத்துல ஒரு குறையும் இருக்காது. பயம் என்னன்னா யாராவது நாப்பை திருப்பிட்டா ஃப்ரன்ட் மட்டும் ஏறியோ எறங்கியோ சென்டரோட பொருந்தாம போயிடும், ஃபுல் வால்யூம்ல பாட்டு கேட்டுட்டு அப்படியே படத்துக்கு மாறினா முதல் வெடிச் சத்தத்துலயே ட்வீட்டருக்கு ஆபத்து. கேலிப்ரேஷன் முடிஞ்சதும் ஃப்ரன்ட் லெவல் எவ்ளோ வந்திருக்குன்னு பாருங்க, டெனான்ல மைனஸ் 12 டெசிபல்தான் கடைசி, அங்க போய் முட்டி நின்னா ஆம்ப் வால்யூமைக் கொறச்சி திரும்ப ஓட்டுங்க. நாப்பை யாரும் தொடாத வீட்டுக்கு இந்த வழி போதும், சின்னப் பசங்க இருக்கற வீட்டுக்கு சொல்ல மாட்டேன்.

ப்ரீ அவுட்டே இல்லாத ரிசீவர்னா அடுத்தது ஸ்விட்ச் பாக்ஸ். ரெண்டு ஆம்ப் உள்ள, ஒரு ஜோடி ஸ்பீக்கர் வெளிய. கடைல போய் ஸ்பீக்கர் செலக்டர்னு கேட்டா பெரும்பாலும் ஒரு ஆம்ப்ல நாலு ஜோடி ஸ்பீக்கர் ஓட்டற பெட்டியத்தான் எடுத்து குடுப்பாங்க, அதைத் திருப்பி மாட்டிக்கலாம்னு சொல்றதை நம்பாதீங்க. பல பெட்டில மைனஸ் எல்லாம் உள்ளயே ஒண்ணா சேந்திருக்கும், பல க்ளாஸ் டி ஆம்ப்லயும், ரெண்டு சேனலை ஒண்ணா சேத்து ப்ரிட்ஜ் பண்ண ஆம்ப்லயும் மைனஸ் டெர்மினல்லயும் சிக்னல் ஓடும், ரெண்டு ஆம்ப் மைனஸும் சேந்தா போச்சு. ப்ளஸ் மைனஸ் ரெண்டையும் சேத்து மாத்தணும், பழைய தொடர்பை முழுசா வெட்டின அப்புறம்தான் புதுசு சேரணும். பெரெஸ்ஃபோர்ட் டிசி-7220 மாதிரி இதுக்குன்னே பண்ண பெட்டிய வாங்குங்க. ஒரு ஆம்ப் ஓடும்போது ஸ்விட்ச்சை திருப்பாதீங்க, வால்வ் ஆம்ப் வச்சிருக்கறவங்க இந்தப் பக்கமே வராதீங்க, லோடு இல்லாம நின்னா அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடும்.

ஸ்பீக்கர் வயர் முனைல பனானா ப்ளக் (சொருகி எடுக்கற முனை) போட்டு கையால மாத்திக்கறதும் ஒரு வழிதான், பெரிய செலவு இல்ல, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ப்ளக் சல்லிசா கெடைக்கும். மாசத்துக்கு ஒரு படம் பாக்கறவங்களுக்கு சரி. தினம் ஸ்டேண்டுக்கு பின்னாடி குனிஞ்சிக்கிட்டு ரெண்டு ஆம்ப்பையும் ஆஃப் பண்ணி நாலு ப்ளக் மாத்தறது யாராலயும் முடியாது.

இப்ப ஆம்ப்பே வாங்காத வழி. எல்லாம் ரிசீவர்லயே. ஸ்டீரியோ ஆளுங்க இதை மட்டமா பேசுவாங்க, எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. டைல்ஸ் தரை, காங்க்ரீட் சுவர், ஒரு பக்கம் ஜன்னல்னு இருக்கற நம்ம ஹால்ல 300 ஹெர்ட்ஸுக்கு கீழ பாஸ் எங்க வீங்குது எங்க காணாம போகுதுங்கறதை ரூம்தான் முடிவு பண்ணுது, அதை ரிசீவரோட ரூம் கரெக்ஷன் சரி பண்ற அளவுக்கு சாதாரண விலை ஸ்டீரியோ ஆம்ப் பெரும்பாலும் சரி பண்ணாது, பலதுல மைக்கே கெடையாது. கூடவே 80 ஹெர்ட்ஸுக்கு கீழ சப்வூஃபருக்கு பிரிச்சி அனுப்பறதும் பாட்டுக்கும் கெடைக்கும். டர்ன்டேபிள் ஆளுங்களுக்குதான் நெருடல், கரெக்ஷன் ஆன்ல இருந்தா ரெக்கார்ட் சிக்னலும் டிஜிட்டலா மாறித்தான் வெளிய வரும், ப்யூர் டைரக்ட் (சிக்னலை அப்படியே அனுப்பற மோட்) போட்டா பெரும்பாலும் மாறாது ஆனா கரெக்ஷனும் கெடையாது. ப்ரீ அவுட் இல்லாத ரிசீவர் வச்சிக்கிட்டு பாட்டு நல்லா இல்லன்னு ஆம்ப் தேடறவங்க முதல்ல ஸ்பீக்கரை சுவர்ல இருந்து முன்னாடி இழுத்து, கரெக்ஷனை ஒழுங்கா ஓட்டி ஒரு மாசம் கேளுங்க, ஒரு கார்ப்பெட் போட்டுப் பாருங்க.

பைபாஸ் பக்கம் போறவங்க ஒண்ணை மறந்துடறாங்க, சப்வூஃபர். ரிசீவர் ஆஃப்ல இருந்தா சப்புக்கு சிக்னல் வராது, பாட்டு டவர்ல மட்டும்தான். புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்னா வெறிச்சுன்னு இருக்கும். ஆர்ஈஎல் மாதிரி சப்ல ஸ்பீக்கர் டெர்மினல்ல இருந்து எடுக்கற ஹை லெவல் இன்புட்டும் ரிசீவரோட சப் அவுட்டுக்கான எல்எஃப்இ இன்புட்டும் தனித்தனியா இருக்கு, ரெண்டுக்கும் வேற வேற வால்யூம் நாப். ஹை லெவல் வயரை ஸ்டீரியோ ஆம்ப்ல, எல்எஃப்இ வயரை ரிசீவர்ல. ரிசீவர் மெனுல ஃப்ரன்ட் ஸ்பீக்கரை ஸ்மால்னு (பாஸை சப்புக்கு விடற செட்டிங்) வச்சிருந்தா 80 ஹெர்ட்ஸுக்கு கீழ உள்ளது பெரும்பாலும் ஆம்ப் பக்கம் வராது, அதனால படம் ஓடும்போது ரெண்டு வழியும் ஒரே பாஸை ரெண்டு தடவை தள்ளாது. ஹை லெவல் நாப்பை பாட்டு போட்டு காதால ட்யூன் பண்ணுங்க, எல்எஃப்இ நாப்பை மட்டும் மைக் சொல்ற இடத்துல வைங்க.