யாழ்ப்பாணத்து உப்புக் காற்றில் ஒரு ஹப் மோட்டார்: வீட்டிலேயே கழற்றிக் கிறீஸ் பூசிய அனுபவம்

2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்தான் என்று கியூஆர் முறை வந்த நேரத்தில், வீட்டில் நின்ற லுமாலா சைக்கிளின் பின்சில்லுக்கு 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் (சில்லின் நடுக்குடத்துக்குள்ளேயே இருக்கும் மின்மோட்டார்) ஒன்று பூட்டினேன். பெற்றோல் தாராளமாக வந்த பிறகும் அதைக் கழற்ற மனம் வரவில்லை. ரவுணுக்குப் போவதும் அதில்தான், கடலைக் கடக்கும் பண்ணைப் பாலம் தாண்டி வேலணைத் தீவுக்குப் போவதும் அதில்தான். இத்தனை காலம் ஓட்டியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்று: இந்த மோட்டார் சத்தம் போடத் தொடங்கினால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்று நினைக்கத் தேவையில்லை. பெரும்பாலும் உள்ளே இருக்கும் பற்சில்லின் பல்லில் கிறீஸ் இல்லை, அவ்வளவுதான்.

முதலில் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். சில்லைத் தூக்கி முன்பக்கம் சுற்றினால் இலகுவாக ஓடி, பின்பக்கம் சுற்றும்போது மட்டும் மோட்டார் இழுபட்டால் அது பற்சில்லு உள்ள மோட்டார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தடக்கித் தடக்கிச் சுற்றினால் பெரும்பாலும் உள்ளே பற்சில்லே கிடையாது, கிறீஸ் பூச ஒன்றுமில்லை. அதைத் திறக்க வேண்டாம்.

அடுத்தது சத்தம். கை கொடுக்கும்போது (த்ரொட்டிலைத் திருகும்போது) மட்டும் அரைத்து, கையை விட்டதும் அடங்கினால் பாரம் ஏறும் பல்லில்தான் பிரச்சினை. கையை விட்டு உருளும்போதும் அதே சத்தம் வந்தால் பேரிங்கைச் சந்தேகியுங்கள். என்னுடையது முதல் வகை. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலம் முழுக்க வேலணைப் பக்கம் எதிர்காற்றில் ஓட்டிய பிறகு வந்தது. நம்முடைய ஊரில் ஏற்றம் கிடையாது, ஆனால் வைகாசிக்குப் பிறகு பண்ணைப் பாலத்தில் அந்தக் காற்றுக்கு எதிரே ஓட்டுவது மலை ஏறுவதற்குச் சமம். மோட்டார் சூடாகும், கிறீஸ் இளகும்.

கழற்றும் வேலை கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். பற்றரியைக் கழற்றி, மோட்டார் வயரின் இணைப்பையும் பிரித்துவிட்டு, 18 மில்லிமீற்றர் ஸ்பனரால் அச்சு நட்டுகளைத் தளர்த்துங்கள். வாஷர்கள் எந்த ஒழுங்கில் இருந்தன என்று ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அச்சு சுழலாமல் பிடிக்கும் வாஷர் இடம் மாறினால், அச்சு திரும்பி வயரையே அறுத்துவிடும். என்னுடைய மோட்டாரில் மூடிக்குச் சின்ன அலன் ஸ்குரூக்கள். தொழிற்சாலையில் பசை போட்டு இறுக்கியிருப்பதால் சும்மா திருகினால் தலை தேய்ந்து போகும். ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை ஒவ்வொரு தலையிலும் கொஞ்ச நேரம் பிடித்தால் பசை இளகிவிடும், பிறகு சொன்னபடி கேட்கும். மூடிக்கும் கூட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறி விடுங்கள், திரும்பப் பூட்டும்போது அதே இடத்தில் வரும். உள்ளே பலமான காந்தம் இருப்பதால் வேலை செய்யும் இடத்தில் இரும்புத் தூள் இருக்கக்கூடாது. நான் மேசையில் பழைய சாரம் ஒன்றை விரித்துச் செய்தேன்.

திறந்ததும் கண்டது இதுதான். மூன்று வெள்ளை நைலோன் பற்சில்லுகள், நடுவில் மோட்டாரின் சின்ன இரும்புப் பல், சுற்றிவர கூட்டோடு சேர்ந்த பல் வளையம். கிறீஸ் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் அது எல்லாம் வளையத்தின் ஓரத்தில், ஒரு பல்லும் தொடாத மூலையில், மண்ணிறக் களி மாதிரி ஒட்டிக் கிடந்தது. நைலோன் பல்லின் முகம் காய்ந்து மினுங்கியது. 26 அங்குலச் சில்லு 25 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 தடவை சுற்றும். பற்சில்லு விகிதம் 5க்கு 1 என்றால் மோட்டார் 1000 தடவை சுற்ற வேண்டும். அந்தச் சுழற்சியில் கிறீஸ் வெளிப்பக்கம் வீசுப்பட்டுப் போய் ஒட்டிக்கொள்கிறது, திரும்பி வருவதில்லை.

பக்கத்துச் சைக்கிள் கடை அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு பாரம் இழுக்கிற சாமானுக்கை பிளாஸ்ரிக்கையே வைச்சிருக்கிறாங்கள்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நைலோன் சத்தமில்லாமல் ஓடும். எங்கேயாவது இறுகினாலும் முதலில் உடைவது அந்த மலிவான பல், மோட்டார் தப்பிவிடும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறை அவர், ஒரு தடவை சொன்னதும் பிடித்துக்கொண்டார்.

துப்புரவாக்க, பழைய கிறீஸை முதலில் துணியாலும் ஈர்க்குச்சியாலும் வழித்தெடுங்கள். இரும்பு வளையத்துக்கு மண்ணெண்ணெயும் பல் தூரிகையும் போதும். செப்புக் கம்பிச் சுற்றுப் பக்கம் மண்ணெண்ணெய் போகவே கூடாது. தின்னரை எதற்கும் எடுக்காதீர்கள். ரப்பர் மூடி போட்ட பேரிங்கையும் கழுவ வேண்டாம், உள்ளே இருக்கும் நல்ல கிறீஸும் கரைந்துவிடும். அது கரகரத்தால் மாற்றுவதே சரி. பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைச் சொன்னால் பேரிங் கடையில் எடுத்துத் தருவார்கள்.

கிறீஸ் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். கராச்சில் லொறிக்கு அடிக்கும் கிறீஸ் இதற்குச் சரிவராது. பிளாஸ்ரிக்குக்குப் பாதிப்பில்லாத செயற்கை எண்ணெய்க் கிறீஸ் தேடுங்கள். விமானங்களுக்கென்று வரும் சிவப்பு நிற மொபில்கிறீஸ் 28ஐ ஹப் மோட்டார் திறப்பவர்கள் பலர் பாவிக்கிறார்கள். நான் கொழும்பிலிருந்து எடுப்பித்ததும் அதுதான். விலை கூடத்தான், ஆனால் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டிக்கு மேல் தேவைப்படாது. விரலால் ஒவ்வொரு பல்லின் இடுக்கிலும் மெல்லிதாகப் பூசிக் கையால் சுற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள். அள்ளி நிரப்பினால் மோட்டார் இழுபடும், சூட்டில் கசிந்து வெளியே வரும், டிஸ்க் பிறேக் உள்ள சைக்கிளென்றால் அது ஆபத்து. சில்லை முன்பக்கம் இலகுவாக ஓடவிடும், ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கிளச்சுக்குக் கிறீஸ் வேண்டாம். இரண்டு துளி மெல்லிய எண்ணெய் போதும், தடித்த கிறீஸில் உருளைகள் ஒட்டிக்கொண்டால் அது வழுக்கும்.

பூட்டி ஓட்டியபோது அரைக்கும் சத்தம் முற்றாகப் போய்விட்டது. வேகம் கூடவில்லை, ஒரு சார்ஜில் போகும் தூரத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. கிறீஸ் போட்டால் இழுவை கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிடைப்பது அமைதியும் பல்லின் ஆயுளும்தான், எனக்கு அது தாராளம்.

என்னைக் கவலைப்படுத்தியது மூடியின் உள்விளிம்பில் கண்ட துரு. அதற்குக் காரணம் மாரி மழையும் பாலத்து உப்புத் தூறலும். அச்சின் துளை வழியே போகும் வயரோடு தண்ணீரும் உள்ளே இறங்குகிறது. இப்போது வயரை அச்சிலிருந்து கீழே தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றிக் கட்டியிருக்கிறேன், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மூடி விளிம்பில் மெல்லிய சிலிக்கன் பூச்சும் உண்டு. பாலம் தாண்டி வந்த நாளில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. புரட்டாசியில், மழை தொடங்கும் முன், கை கொடுத்துச் சத்தம் கேட்டுப் பார்ப்பேன். அரைக்காவிட்டால் திறக்க மாட்டேன்.

மூடியைப் பூட்டும் முன் பற்சில்லின் பல் எண்ணிக்கை, வெளிவிட்டம், தடிப்பு, நடுத்துளை அளவு நான்கையும் குறித்து வையுங்கள். மோட்டாரின் பெயரை மட்டும் சொல்லி எடுப்பித்தால் பொருந்தாத பல் வந்து சேரலாம். அச்சு நட்டுகளை முதல் ஓட்டம் முடிந்ததும் இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள்.