மஞ்சள் பலகையை நம்பியா, வரைபடத்தை நம்பியா? ஆல்கான்குவினும் பவுண்டரி வாட்டர்ஸும்

ஏரியின் கரையில் இறங்கி, கனூ படகைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தோளில் சுமந்தபடி அடுத்த ஏரிவரை நடக்கும் காட்டுப்பாதைக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள ஆல்கான்குவின் பூங்காவும் அமெரிக்காவின் மினசோட்டாவிலுள்ள பவுண்டரி வாட்டர்ஸ் காட்டுப்பகுதியும் இத்தகைய பயணத்துக்குப் பேர்போனவை. பாறைக் கரையும் ஊசியிலை மரமுமாக இரண்டும் ஒன்றுபோலவே தோன்றினாலும், பாதையைக் கண்டுபிடிக்கும் வேலை இரண்டிலும் ஒன்றல்ல.

ஆல்கான்குவினில் ஒவ்வொரு போர்ட்டேஜின் தொடக்கத்திலும் மஞ்சள் பலகை ஒன்று, நீளத்தை மீட்டரில் சொல்லிக்கொண்டு நிற்கிறது. கனூ ஏரியிலிருந்து ஜோ ஏரிக்குச் செல்லும் 295 மீட்டர் பாதையைப் புதியவர்கூட எளிதில் கண்டுகொள்வார்.

பவுண்டரி வாட்டர்ஸ், 1964ஆம் ஆண்டின் வனப்பகுதிச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்படுவது. அங்கே போர்ட்டேஜ்களுக்குப் பலகை கிடையாது. வரைபடத்தில் ஒரு சிறு கோடும் அதனருகே ராட் அளவில் ஓர் எண்ணும் மட்டுமே இருக்கும். ஒரு ராட் என்பது 16.5 அடி, ஏறக்குறைய ஒரு கனூவின் நீளம்; டங்கன் ஏரிக்கும் ரோஸ் ஏரிக்கும் இடையிலுள்ள படிக்கட்டுப் பாதையின் 80 ராட் என்றால் சுமார் 400 மீட்டர். மரவரிசை தாழும் இடத்தையும் ஓடை வந்து சேரும் மூலையையும் கண்ணால் தேட வேண்டும். முதல் பயணத்தில் மிதிபட்ட மண்ணைக் கண்டு நாங்கள் இறங்கிய இடத்தின் தடம், சில அடிகளிலேயே ஒரு முகாமிடத்தின் இரும்பு அடுப்புக் கம்பிக்கு முன் போய் நின்றுவிட்டது. உண்மையான இறங்குதுறை அடுத்த வளைவில் இருந்தது. பல ஆண்டுகளாக அலுமினியப் படகுகள் உரசிச் சென்ற வெள்ளிக் கீறல்கள் அதன் பாறையில் தெளிவாகத் தெரிந்தன. அன்றுமுதல் நான் முதலில் பார்ப்பது அந்தக் கீறல்களைத்தான்.

பாதைக்குள் நுழைந்தபின், ஆல்கான்குவினும் அவ்வளவு எளிதல்ல. தலைமேல் படகு கவிழ்ந்திருப்பவருக்குக் காலடிக்கு முன்னே சில அடிகள்தான் தெரியும் என்பதால், மரம் வெட்டும் சாலை குறுக்கிடும் இடத்தில் அவர் சாலையோடே நடந்துவிடக்கூடும். இரண்டு இடங்களிலும், மூட்டைகளை முதல் நடையில் கொண்டுபோய் வழியைப் பார்த்துவிட்டு, படகை இரண்டாம் நடையில் சுமப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அப்போது பாதையை மும்முறை கடக்க வேண்டும். ஆல்கான்குவினின் டிக்சன் ஏரிக்கும் பான்ஃபீல்டு ஏரிக்கும் இடையிலுள்ள 5,305 மீட்டர் பாதை ஏறத்தாழ 16 கிலோமீட்டராகிவிடும். அத்தகைய நாளுக்கு, 30 கிலோவைத் தாண்டும் அலுமினியப் படகைவிட கெவ்லார் என்ற உறுதியான செயற்கை இழையால் ஆன, 20 கிலோ அளவிலான படகுக்கு வாடகை கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

குழந்தைகளோடு முதன்முறை செல்வோருக்கு, குறிப்பாக டொராண்டோ பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்கு, நான் தயங்காமல் சொல்வது ஆல்கான்குவினைத்தான். வரைபடமும் திசைகாட்டியும் கைவந்தவர்களுக்குப் பவுண்டரி வாட்டர்ஸ் தரும் நிறைவு வேறு. ஆனால் அங்கே, ஒவ்வொரு போர்ட்டேஜின் முடிவிலும் எதிரே தெரியும் தீவுகளை வரைபடத்தோடு ஒப்பிட்டு, நிற்கும் இடத்தை உறுதிசெய்த பிறகே துடுப்பைக் கையில் எடுக்க வேண்டும்.